25 நிமிடத்தில் ஒரு விமானத்தைக் கூட்டுவது

விமான சீட்டின் குஷனைத் தைத்தோ திருகு போட்டோ வைத்திருக்க மாட்டார்கள், வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும். முன்பக்க விளிம்பில் நாலு விரலைக் கொடுத்து மேலே இழுத்தால் சர்ரென்று கையோடு வந்துவிடும். முறுக்குத் துண்டு, கடலைத் தோல், காய்ந்துபோன சோற்றுப் பருக்கை, மாத்திரை அட்டை, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், ஹேர்பின், கசங்கிய போர்டிங் பாஸ், ஏதோ ஜூஸ் ஊற்றிக் காய்ந்த பிசுபிசுப்பு எல்லாம் அடியில் இருக்கும். அந்தப் பிசுபிசுப்பின் ஓரத்தில் மிளகுத்தூள் தூவினது மாதிரி கறுப்பாகப் பொடி தெரிந்தால் அன்றைக்கு எங்களுக்கு வேலை நீளும். அது கரப்பான் எச்சம்.

சென்னை விமான நிலையத்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாக 6 வருடம் வேலை பார்த்தேன். முதல் 2 வருடம் கேபின் சுத்தம் செய்யும் குழுவோடு இரவு ஷிப்ட், அதற்கப்புறம் 4 வருடம் பூச்சிக் கட்டுப்பாடு. இப்போது அந்தத் தொழிலை விட்டு வந்துவிட்டேன். ஆனால் விமானத்துக்குள் கரப்பான் ஓடுகிற வீடியோ ஏதாவது ஒரு குரூப்பில் அடிக்கடி வந்துவிடுகிறது, அதன் கீழே எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்: இவ்வளவு காசு வாங்குகிறார்களே, ஒழுங்காகப் பெருக்க ஒரு ஆள் இல்லையா என்று. ஆள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். பொழிச்சலூரிலிருந்தும் அனகாபுத்தூரிலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்தும், செங்கல்பட்டுப் பக்கமிருந்து கடைசி ரயிலில் திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கியும் வருகிறவர்கள். அவர்களுக்கு இல்லாதது நேரம். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்நாட்டில் ஓடுகிற 180 சீட் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 5 மணி வாக்கில் கிளம்பினால் நடுராத்திரி வரை ஊர் ஊராகப் போய் வந்துகொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு 6 பறப்பு, சில நாள் 8கூட. தரையில் நிற்கிற விமானத்தால் யாருக்கும் வருமானம் இல்லை, அதனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 25லிருந்து 35 நிமிடம்தான் கொடுப்பார்கள். வந்தவர்கள் மேலே இருக்கிற பெட்டியை எடுத்து, போனை ஆன் செய்து, வரிசையில் நின்று இறங்கி முடிக்க 10 நிமிடம் ஆகிவிடும். அடுத்தவர்கள் ஏற 15 நிமிடம். இடையில் கேபின் காலியாக இருப்பது, எல்லாம் சரியாக நடந்தால், 8 நிமிடம். 6 பேர் இறங்கிப் பெருக்கினால் ஆளுக்கு 30 சீட். ஒரு சீட்டுக்கு 16 நொடி.

அந்த 16 நொடியில் முன்சீட்டுப் பையில் கை விட்டுக் குப்பையை எடுக்க வேண்டும், சாப்பாட்டுத் தட்டு மேடையைத் திறந்து துடைத்து மூட வேண்டும், காலடியில் கிடப்பதைப் பொறுக்க வேண்டும், சீட் பெல்ட்டைக் குறுக்காக மடித்து வைக்க வேண்டும். குஷனைத் தூக்கிப் பார்க்க அதில் எங்கே நேரம்? கட்டணம் குறைவான நிறுவனங்கள் பலவற்றில் பகலில் எங்களைக் கூப்பிடுவதே கிடையாது, அந்த விமானப் பணிப்பெண்களே குப்பைப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார்கள். எங்களுக்கு ராத்திரிதான். அதை நைட் ஹால்ட் என்போம்.

நைட் ஹால்ட் என்றால் விடிய விடிய நேரம் இருக்கும் என்று தோன்றும். 11.30க்கு வந்து நிற்கிற விமானம் 5 மணிக்குக் கிளம்ப வேண்டும், ஆனால் நடுவில் இன்ஜினீயர்கள் வருவார்கள், டாய்லெட் தொட்டியை உறிஞ்சுகிற வண்டி வரும், தண்ணீர் வண்டி வரும், சாப்பாடு ஏற்றுகிற வண்டி வரும். ஒரு குழுவுக்கு 5 விமானம். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். கார்ப்பெட் வாக்யூம், கழிவறை, பின்பக்கச் சமையலறை மேடை, சன்னல் ஓரம், அவ்வளவோடு அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். சீட்டைத் தாங்கிப் பிடிக்க விமானத் தரையில் ஒரு தண்டவாளம் நீளவாக்கில் ஓடும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பள்ளத்துக்குள் விழுந்த பருக்கையை வாக்யூம் வாயால் எடுக்க முடியாது, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தள்ளித் தள்ளித்தான் எடுக்க வேண்டும். 30 வரிசைக்கு அதைச் செய்ய ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். அது சில வாரங்களுக்கு ஒருமுறை, பெரிய சுத்தம் என்று தனியாக நேரம் ஒதுக்கும்போது மட்டும்தான் நடக்கும். அந்த நாளையும் விமானம் கைக்குக் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடுவார்கள்.

கரப்பானுக்கு இந்தத் தள்ளிப்போடுகிற நாள்கள் போதும்.

விமானத்தில் நான் பார்த்தவற்றில் பத்துக்கு ஒன்பது, வீட்டுச் சாக்கடையில் வருகிற பெரிய சிவப்புக் கரப்பான் கிடையாது. விரல் நகத்தளவுகூட இல்லாத, வெளிர் பழுப்பில், கழுத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு போட்ட சின்ன ஜாதி. ஜெர்மன் கரப்பான் என்று பெயர், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1767இல் வைத்தது. பூர்வீகம் ஜெர்மனி இல்லை. 2024இல் வந்த மரபணு ஆராய்ச்சியில், ஏறக்குறைய 2,100 வருடத்துக்கு முன்னால் இந்தியா, மியான்மர் பக்கத்து ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து மனிதர்களோடு வீட்டுக்குள் வந்த இனம் இது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மேற்கே அரபு நாடுகள் வழியாக, அப்புறம் ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி உலகம் முழுக்கப் போயிருக்கிறது. பறக்கத் தெரியாது, வெளியில் விட்டால் பிழைக்கத் தெரியாது, மனிதனின் சூடான ஈரமான சமையலறை இருந்தால்தான் வாழ்க்கை. விமானத்தின் பின்பக்கச் சமையலறை அதற்காகவே கட்டிக்கொடுத்த மாதிரி. காபி மெஷினுக்குப் பின்னால் எப்போதும் சூடு, குழாய் இணைப்பில் எப்போதும் ஒரு சொட்டு ஈரம், தகடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன இடுக்கு. குஞ்சுக் கரப்பானுக்கு ஒரு பத்துரூபாய் நாணயத்தின் கனம் இருக்கிற இடுக்கே தாராளம்.

பெண் கரப்பான் முட்டைப் பையை வயிற்றுக்குப் பின்னால் சுமந்துகொண்டே திரியும், ஒரு பையில் 30, 40 முட்டை. பொரித்து, வளர்ந்து, அடுத்த பையைச் சுமக்கத் தயாராக நம்ம ஊர்ச் சூட்டில் 2 மாதம். பெரிய சுத்தம் ஒரே ஒருமுறை தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர் இருந்தார், 15 வருடத்துக்கும் மேலாக இதே வேலை. விமானத்துக்குள் ஏறியதும் அவர் முதலில் செய்வது பின்பக்கச் சமையலறையில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்வதுதான். "ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க தம்பி" என்பார். நாங்கள் இருட்டில் நிற்போம். வெளியே ஏதாவது டிராக்டர் போகிற சத்தம் மட்டும் கேட்கும். மனதுக்குள் அறுபது எண்ணிவிட்டு, டார்ச்சை முதலிலேயே குறிவைத்துப் பிடித்திருந்த இடத்தில், காபி மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், சட்டென்று போடுவார். இருந்தால் அந்த ஒரு நொடியில் ஓடும். எத்தனை, எந்தப் பக்கம் ஓடியது என்று அவர் சொன்னால் நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். பூச்சி ஒழிப்பில் நான் கற்றதில் பாதி அந்த இருட்டில் நின்று கற்றதுதான். இன்னொன்றும் அவருக்குத் தெரியும்: பழகிய ஆளுக்குக் கரப்பான் வாடை மூக்கிலேயே தெரிந்துவிடும், கொஞ்சம் எண்ணெய்ச் சிக்கு ஏறின பழைய அட்டைப்பெட்டி வாடை.

அட்டைப்பெட்டி என்றதும் சொல்லிவிடுகிறேன். இவை விமானத்துக்குள் எப்படி ஏறுகின்றன என்று எல்லோரும் கேட்பார்கள். பயணிகளின் பையில் வருவது உண்டு. ஆனால் நான் கண்ணால் பார்த்து நோட்டில் எழுதியவற்றில் அதிகம் ஜூஸும் தண்ணீர்ப் பாட்டிலும் வருகிற அட்டைப்பெட்டியில் வந்தவை. அந்த அட்டையின் நெளிவுகளுக்குள் முட்டைப்பையோடு ஒன்று உட்கார்ந்திருந்தால் வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்தது சாப்பாட்டு டிராலி, அதன் சக்கரத்துக்கு மேலே கை எட்டாத ஒரு மூலை உண்டு. கிடங்கிலேயே பெட்டியைப் பிரித்துப் பாட்டிலை மட்டும் ஏற்றினால் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும். நான் இருந்த இடத்தில் சில மாதம் அப்படிச் செய்து பார்த்தார்கள், எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்தது. அப்புறம் ஆள்கூலி கூடுகிறது என்று நிறுத்திவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வீட்டில் செய்வது போல ஸ்ப்ரேயை எடுத்து அடித்துவிட முடியாது. விமானத்தின் உடம்பு பெரும்பாலும் அலுமினியம், தப்பான ரசாயனம் பட்டால் அரிக்கும். மின்சாரப் பலகைகள் இருக்கும், பக்கத்திலேயே சாப்பாடு இருக்கும். விமானத்துக்கு என்று சோதித்து அனுமதித்த மருந்தை மட்டும்தான் தொடலாம். நாங்கள் அதிகம் நம்பியது ஜெல். ஊசி போடுகிற சிரிஞ்ச் மாதிரி ஒரு குழாயில் வரும், இடுக்கு ஓரங்களில் அரிசி நுனி அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வைப்போம். தின்றது உடனே சாகாது, பொந்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடம்பையும் தின்கிற மற்றதும் சாகும்.

இதிலும் கரப்பான் நம்மை முந்திவிட்டது. ஜெல்லில் இனிப்புக்காக குளுக்கோஸ் சேர்ப்பார்கள். 1993இலேயே அமெரிக்காவில் சில கரப்பான் கூட்டங்கள் குளுக்கோஸைத் தொடாமல் விலகிப் போவதைக் கண்டுபிடித்தார்கள், ஏன் என்று 20 வருடம் கழித்து 2013இல்தான் தெரிந்தது. அந்தக் கூட்டத்தின் வாயில் கசப்பை உணர்கிற நரம்பே குளுக்கோஸுக்கும் துடிக்கிறது, அதாவது அதற்கு இனிப்பு கசக்கிறது. இனிப்பைத் தின்றதெல்லாம் செத்துப்போக, தின்னாததின் பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நாங்களும் ஒரு விமானத்தில் 3 வாரம் ஜெல் வைத்து, பொட்டு எல்லாம் வைத்த மாதிரியே காய்ந்து கிடக்க, பிராண்டை மாற்றினதும் நாலு நாளில் அடங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மருந்து மட்டும் பதில் இல்லை. சோற்றுப் பருக்கையும் ஈரமும் இருக்கிறவரை அது ஜெல்லை ஏன் தேடி வரப் போகிறது?

மூட்டைப்பூச்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உள்நாட்டு விமானத்தில் அது குறைவு, நீண்ட தூர விமானங்களில்தான் தலைவலி. குஷன் தையல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும், சுத்தமான சீட், அழுக்கான சீட் என்று பார்க்காது, அதற்கு வேண்டியது உங்கள் ரத்தம் மட்டும். வீட்டுக்கு வந்ததும் பயணத் துணியைத் தனியாகப் பிரித்து வெந்நீரில் போட்டால் அது உங்கள் கட்டிலுக்கு வராது.

கொசு வேறு கதை, அதற்கு உலக அளவில் சட்டமே இருக்கிறது. 1933இல் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் விமானப் போக்குவரத்துக்கென்று ஒரு சுகாதார ஒப்பந்தம் போட்டார்கள், அதில் பெரிய பயம் மஞ்சள் காய்ச்சல். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கிற நோய், நம் நாட்டில் இதுவரை இல்லை. ஆனால் அதைப் பரப்புகிற ஏடிஸ் கொசு, நமக்கு டெங்கு தருகிற அதே கொசு, இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. நோயை ஏந்திய கொசு ஒன்றோ ஆள் ஒருவரோ வந்து இறங்கினால் போதும். 1954இலிருந்து இந்தியாவில் விமானப் பொதுச் சுகாதார விதிகள் இருக்கின்றன. அந்த நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் வருகிறவரை 6 நாள் வரை தனியாக வைப்பதும், கேபினில் மருந்து அடிப்பதும் இதனால்தான்.

வெளிநாட்டுப் பயணத்தில் கதவை மூடினதும் பணிப்பெண் இரண்டு கையிலும் டப்பாவைத் தூக்கிப் பிடித்து அடித்துக்கொண்டே நடப்பதைப் பார்த்திருந்தால் பயந்திருப்பீர்கள். அதில் இருப்பது 2 சதவீதம் பெர்மெத்ரினோ டி-ஃபினோத்ரினோ, சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுத்த பழைய பூச்சிக்கொல்லியைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த வகை. ஆஸ்துமா இருக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லி மூக்கை மூடிக்கொள்வது நல்லது. காலி டப்பாவைத் தூக்கிப் போட மாட்டார்கள், இறங்குகிற ஊரில் சுகாதார அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும், அதன் எண்ணையும் எழுதி வைத்திருப்பார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிற விமானங்களில் இதற்குப் பதிலாகப் பயணிகள் இல்லாதபோதே சுவர், தரை எல்லாவற்றிலும் மருந்தைப் படியவைத்து, 8 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி செய்துகொள்ளலாம். எனக்கு அந்த முறைதான் சரி என்று படுகிறது.

கொசு விமானத்தில் வருவது கற்பனைப் பயம் கிடையாது. 1994 கோடையில் பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தைச் சுற்றி 6 பேருக்கு மலேரியா வந்தது, வெப்ப நாட்டிலிருந்து வந்த விமானத்தில் ஏறி வந்த கொசு கடித்துத்தான். இலங்கை மலேரியாவை முழுசாக ஒழித்துவிட்டது என்று 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அந்தச் சான்றிதழைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற நாட்டுக்கு, நம் சென்னையின் மொட்டைமாடித் தொட்டியில் வளர்கிற மலேரியாக் கொசு எவ்வளவு பெரிய பயம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் சொச்சப் பறப்பு, அவ்வளவுதான் தூரம்.

பூச்சி உயிரையே வாங்கின கதை ஒன்றும் உண்டு. 1996 பிப்ரவரி 6ஆம் தேதி டொமினிக்கன் குடியரசின் புவெர்த்தோ பிளாத்தாவிலிருந்து கிளம்பிய போயிங் 757 ஒன்று கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். வேகத்தை அளக்கிற பிட்டோ குழாய் என்று விமானத்தின் மூக்குப் பக்கத்தில் விரல் கனத்தில் சில இருக்கும், அதில் ஒன்று அடைபட்டு, தப்பான வேகம் காட்டி, விமானிகள் குழம்பிப் போனார்கள். அந்த விமானம் அதற்கு முன் 20 நாள் பக்கம் பறக்காமல் நின்றிருக்கிறது, குழாய்க்கு மூடி போடவில்லை, குளவி கூடு கட்டியிருக்கும் என்பதுதான் விசாரணையில் வந்த முடிவு. நம் வீட்டுச் சுவிட்ச் பெட்டியில் மண்ணை உருட்டிக் கட்டுகிற அதே மாதிரிக் குளவி. இன்றைக்கும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் இந்தக் குளவித் தொல்லைக்காகவே, நின்ற கொஞ்ச நேரத்துக்கும் மூடி போடுகிறார்கள்.

கிருமி விஷயத்தில் பலரும் காற்றைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பெரிய ஜெட் விமானங்களில் கேபின் காற்று மணிக்கு 20லிருந்து 30 முறை மாறும், திரும்பச் சுற்றி வருகிற பகுதியும் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிற வடிகட்டி வழியாகத்தான் வரும். கைபடுகிற இடங்களைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். 2014இல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் விமானத்தின் பாகங்களை எடுத்து வந்து கிருமியைத் தடவிப் பார்த்தார்கள். முன்சீட்டுப் பைத் துணியில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிற, மருந்துக்கு மசியாத கிருமி 7 நாள் உயிரோடு இருந்தது. கைப்பிடியில் வயிற்றுப்போக்கு தருகிற ஒரு வகை ஈ.கோலை கிருமி 4 நாள். அந்தப் பையில் நான் என்னென்ன எடுத்திருக்கிறேன் என்று சொன்னால் நீங்கள் இனிமேல் அதில் போனை வைக்க மாட்டீர்கள். குழந்தையின் டயப்பரைச் சுருட்டி, வாந்திப் பை இருக்கும்போதே அதற்குள் போடாமல் அப்படியே திணித்து வைத்ததை எத்தனையோ முறை வெறும் ஒற்றைக் கையுறையோடு எடுத்திருக்கிறோம்.

விமானத் தொட்டித் தண்ணீரைப் பற்றி ஒரு வரி: அமெரிக்காவில் 2004இல் சோதித்தபோது ஏறக்குறைய 15 சதவீத விமானங்களில், மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டுகிற கோலிஃபார்ம் கிருமி தென்பட்டது, 2009இல் அதற்குத் தனி விதியே கொண்டுவந்தார்கள். நான் விமானத்தில் பாட்டில் தண்ணீர் மட்டும்தான் குடிப்பேன், சூடாக டீ கேட்பதை விட்டுவிட்டேன்.

2020இல் பறப்பு குறைந்தபோதுதான், நேரம் கொடுத்தால் ஒரு விமானத்தை எவ்வளவு சுத்தமாக வைக்க முடியும் என்பதை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். ஒரு விமானத்துக்கு 2 மணி நேரம் கிடைத்தது. பையிலிருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள், சாப்பாடு கிடையாது, குஷன் ஒவ்வொன்றாகத் தூக்கினோம், தண்டவாளப் பள்ளத்தைப் பிரஷ் போட்டோம். அக்கா விளக்கை அணைத்து, அறுபது எண்ணி, டார்ச் போட்டால் எதுவும் ஓடாது. தொடர்ந்து எத்தனையோ வாரம் என் நோட்டில் பூஜ்யம். அதே ஆள்கள்தான், அதே துடைப்பம்தான்.

அப்புறம் எல்லாம் பழையபடி திரும்பியது, 16 நொடியும் திரும்பியது. அதில் எனக்கு மறக்காத ஒன்று எலி.

வட இந்தியாவிலிருந்து இரவு 11 மணிக்கு இறங்கிய ஒரு விமானத்தில், 27ஆம் வரிசைக்குப் பின்னால் எலியைப் பார்த்ததாகப் பணிப்பெண் கேபின் குறிப்பேட்டில் எழுதிவிட்டார். அதில் எழுதிவிட்டால் அவ்வளவுதான், இன்ஜினீயர் கையெழுத்துப் போடும்வரை விமானம் நகராது. எலி விஷயத்தில் அந்தக் கண்டிப்பு சரிதான். கரப்பான் அருவருப்போடு நின்றுவிடும், எலி அப்படியில்லை, பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும், விமானத்தின் தரைக்கடியிலும் பக்கச் சுவருக்குள்ளும் கிலோமீட்டர் கணக்கில் வயர் ஓடுகிறது. 2015 டிசம்பரில் மும்பையிலிருந்து லண்டன் கிளம்பிய விமானம் எலியைப் பார்த்தார்கள் என்பதற்காக ஈரான் வரை போய்விட்டு மும்பைக்கே திரும்பியது. 2024 செப்டம்பரில் ஆஸ்லோவிலிருந்து ஸ்பெயின் போன விமானத்தில் ஒரு பயணியின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து சுண்டெலி குதித்து, விமானத்தைக் கோபன்ஹேகனில் இறக்கினார்கள். செய்தியில் படிக்கிறவர்களுக்கு இது வேடிக்கை. உள்ளே டார்ச்சோடு தவழ்ந்து போகிறவனுக்கு அப்படி இல்லை.

விமானத்தை இழுத்துப்போய் ஒதுக்குப்புறமாக நிறுத்தினார்கள். ஒட்டும் அட்டை 40க்கு மேல் வைத்தோம், நடுவில் சுட்ட தேங்காய்ச் சில்லும் கொஞ்சம் கடலை உருண்டையும். எந்தப் பக்கம் நடமாட்டம் என்று தெரிய வேண்டுமே, கறுப்புக் குப்பைப் பையைக் கிழித்துத் தரையில் விரித்து அதன்மேல் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவினேன். கதவை மூடி, விளக்கை அணைத்து, கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். முதல் ராத்திரி ஒன்றும் மாட்டவில்லை. ஆனால் காலையில் பின்பக்கச் சமையலறை ஓரத்தில் விரித்த பையில், பவுடருக்கு நடுவே, கோலப்புள்ளி மாதிரி நெருக்க நெருக்கமாகக் காலடி, நடுவில் வாலை இழுத்துப்போன மெல்லிய கோடு. டிராலி நிற்கிற மூன்றாவது அறைக்குள் போய் அந்தக் கோடு முடிந்திருந்தது.

இரண்டாவது ராத்திரி 2 மணிக்கு அங்கேயே மாட்டியது. கட்டைவிரல் நீளச் சுண்டெலி, இன்னும் முழுசாக வளராதது. இன்ஜினீயர்கள் அப்புறம்தான் வேலையை ஆரம்பித்தார்கள், பக்கச் சுவர்ப் பலகை, தரைப் பலகை எல்லாம் கழற்றி ஒவ்வொரு வயர்க் கட்டாகத் தடவிப் பார்த்தார்கள். வயருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு கட்டின் மேல்உறையில் மட்டும் இரண்டு பல் தடம். பலகைக்குப் பின்னால் டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக் கிழித்துச் செய்த கூடு ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. முன்சீட்டுப் பைகளில் பயணிகள் துடைத்துத் திணித்துவிட்டுப் போகிற அதே டிஷ்யூ.

விமானத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் 27ஆம் வரிசையின் குஷன்களை நானே தூக்கினேன். நடு சீட்டுக்கு அடியில் கைமுறுக்கு ஒன்று பாதி கிடந்தது. ஒரு பக்கம் மனிதர் கடித்த தடம், மறுபக்கம் முழுக்கச் சுற்றிச் சுற்றிச் சின்னப் பல்லால் அரித்த தடம். அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அந்த விமானத்தை மூன்று நாளைக்கு முன்னால் 40 நிமிடத்தில் பெருக்கிக் கொடுத்தது எங்கள் குழுதான், பின் பாதி அவருடைய வரிசைகள்.

எங்கள் நிறுவனத்துக்கு அபராதம் போட்டார்கள். அந்த மாதம் அக்காவின் சம்பளத்தில் 2 நாள் பிடித்திருந்தது. 40 நிமிடத்தில் 30 வரிசையின் குஷனைத் தூக்க முடியாது என்று நான் எழுதிக் கொடுத்தேன், கணக்கோடு, சீட்டுக்கு எத்தனை நொடி என்று போட்டு. பதில் வரவில்லை.

அன்றைக்கு இரவும் 5 விமானம் வந்தது. அக்கா முதல் விமானத்தில் ஏறி, கையுறையை மாட்டிக்கொண்டு, நேராகப் பின்னால் போய் 27ஆம் வரிசை நடு சீட்டின் குஷனை இழுத்தார்.